தையல்காரர் கட்டிய சர்வர் ரேக்

அந்தத் தெருவில் "தாராளம் கடை எது?" என்று கேட்டால் போதும், நாலு பேர் கைகாட்டுவார்கள். தையல்காரருக்கு ஊர் வைத்த பெயர் அது. அளவு முப்பத்தெட்டு என்றால் அவர் கத்தரி நாற்பதைத் தாண்டித்தான் நிற்கும். "மனுஷன் மூச்சு விட வேணாமா? குனிஞ்சு நிமிர வேணாமா?" என்பார். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தாலும் ஒரு பட்டன் தெறிக்காது. முன்னறையில் இரண்டு மெஷினும் வெட்டு மேசையும், அதற்குப் பின்னால் வீடு.

மனைவிக்கும் ஒரு பெயர் இருந்தது. படிப்பம்மா. பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்று நாலு தெரு தள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, பதிவு செய்து கொடுப்பதை அந்த அம்மா ஒரு வேலையாகவே வைத்திருந்தார். கூலி கிடையாது. கடவுள் கண்ணையும் கொடுத்து, தெளிவான குரலையும் கொடுத்தாரே, பூட்டி வைக்கவா கொடுத்தார் என்பது அவர் எண்ணம். பதினாலு வருஷமாகத் தினமும் காலையில் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற துணிகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு படிப்பார். துணி சூழ்ந்திருந்தால் எதிரொலி வராதாம். வாடிக்கைக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, அண்ணி அலமாரிகிட்ட கோவிச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்பார்கள்.

போன வருஷம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். ஆண்டவன் கிருபையில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் குரல் திரும்பி வரவில்லை. காற்றுப் போல ஒரு கிசுகிசுப்புதான் மிச்சம். "குரல்தான் போச்சு, கோபம் அப்படியே இருக்கு" என்று தையல்காரர் கடையில் சொல்வார். உடனே உள்ளேயிருந்து டம்ளரால் தட்டுகிற சத்தம் கேட்கும். காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

இனிமேல் அந்த அம்மாவால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது. படித்தது எல்லாம் ஒன்பது ஹார்டு டிஸ்க்குகளில், ஒரு துணிப்பையில் கிடந்தது. அதில் இரண்டு ஏற்கெனவே செத்துவிட்டன. இப்படி இருக்கும்போதுதான் விடுதி ஆசிரியர் வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. கைத்தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அம்மா, எங்க கம்ப்யூட்டர் மொத்தமா படுத்துடுச்சு. பெரிய பிள்ளைங்களுக்குப் பத்து நாள்ல பரீட்சை. சரித்திரம் உங்க குரல்லதான் கேட்டுப் பழகியிருக்காங்க. உங்ககிட்ட இருக்கும்ல?"

இருந்தது. ஆனால் சரித்திர டிஸ்க்கைப் போட்டால் உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம். படிப்பம்மா கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பயம் இருந்தது. தன் குரலை இரண்டாம் தடவையும் பறிகொடுக்கப் போகிறோமோ என்கிற பயம்.

படிப்பம்மாவின் தங்கை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கம்பெனி புதுச் சாமான் வாங்கியதால் பழைய சர்வர் மூன்றைக் கழித்துவிட்டது. கேட்டவுடன் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். அக்காவின் கஷ்டம் தெரிந்ததும் அவள் போன் செய்தாள்.

"அத்தான், மூணையும் உங்க வீட்டுல வெச்சுடுவோம். அக்கா படிச்சது எல்லாத்தையும் அதுல ஏத்திட்டா, விடுதியிலிருந்தே போன்ல, இன்டர்நெட் வழியா எப்ப வேணாலும் கேட்டுக்கலாம். ஒவ்வொரு பாடமும் ரெண்டு டிஸ்க்குல இருக்கும்."

"ரெண்டு எதுக்கு?"

"சட்டைக்கு உள்பக்கம் ஒரு பட்டனைக் கூடுதலா தைச்சு விடுறீங்களே, அது எதுக்கு?"

தையல்காரருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"ஆனா சர்வரை அடுக்கி மாட்ட ஒரு ரேக் வேணும் அத்தான். வாங்கிடலாமா?"

"நான் வெட்டு மேசையே சொந்தமா செஞ்சவன்மா. நாலு காலு நிறுத்துறது என்ன கம்பசூத்திரமா? அளவைச் சொல்லு."

"அகலம் பத்தொன்பது அங்குலம். உலகம் பூரா அதே அளவுதான்."

சுண்ணக்கட்டியால் மேசையில் 19 என்று எழுதிக்கொண்டார். பழைய வெட்டு மேசையின் பலகைகளை அறுத்து, நெஞ்சுயரத்துக்கு நாலு கால் நிறுத்தி, அடியில் சக்கரம் மாட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டே நாளில் முடித்துவிட்டார். இஸ்திரி போடும் மூலைதான் வீட்டில் காற்றோட்டமான இடம். இஸ்திரிப் பெட்டியை முன்னறைக்கு நாடு கடத்திவிட்டு ரேக்கை அங்கே நிறுத்தினார். பார்க்க ராஜா மாதிரி நின்றது.

சனிக்கிழமை காலையில் கொழுந்தியாள் மூன்று சர்வரோடும் வண்டியில் வந்து இறங்கினாள். இன்றும் நாளையும்தான் அவளுக்கு லீவு. திங்கட்கிழமை கம்பெனி வேலையாக வெளியூர் போனால் திரும்ப ஒரு மாசம் ஆகும். சர்வர் ஒவ்வொன்றும் தட்டைப் பெட்டி போல இருந்தது, ஆனால் கல் மாதிரி கனம். முகப்பின் இரண்டு ஓரத்திலும் காது மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதைக் கட்டையில் வைத்துத் திருகி முடுக்க வேண்டும். இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். எந்தக் காதும் எந்தக் கட்டையையும் தொடவில்லை. கிணற்றில் விட்ட வாளி போல அது கீழே போகப் பார்த்தது. தையல்காரர் முழங்காலைக் கொடுத்துத் தடுத்திருக்காவிட்டால் அவர் கால் விரல் சட்னிதான்.

கொழுந்தியாள் டேப்பை வைத்து அளந்தாள். இருபது அங்குலம்.

"அத்தான்! பத்தொன்பதுங்கிறது காது முதல் காது வரைக்கும். உள் இடைவெளி பதினேழே முக்கால்தான் இருக்கணும், அப்பத்தானே காது உட்காரும்! நீங்க உள்ளயே பத்தொன்பது வெச்சு, அதுக்கு மேல லூஸ் வேற விட்டிருக்கீங்க!"

"பக்கத்துக்கு அரை அங்குலம் மூச்சு விட வேணாமா?"

"அது சர்வர் அத்தான், சம்பந்தி இல்லை!"

படிப்பம்மா வந்து பார்த்தார். கிசுகிசுப்பாகத்தான் சொன்னார், ஆனால் ஊசி போல இறங்கியது. "உலகம் பூரா ஒரே அளவாம். உங்க கடையில மட்டும் தனி உலகம்."

தையல்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வேறு பலகை கிடையாது. புது ரேக் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் அந்த டக் டக் நின்றுபோனால்? கட்டிக்கொண்டவளின் பதினாலு வருஷம் தன் கைத் தாராளத்தால் போய்விடுமோ என்று பதறினார். மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து, "ஆண்டவனே, வழி காட்டு" என்று மனசுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்தார். எதிரே ஆணியில் ஒரு பேண்ட் தொங்கியது. இடுப்பைப் பிடிக்கக் கொடுத்திருந்தது.

தொளதொளவென்று போன துணியை யார் தூக்கி எறிகிறார்கள்? பிடித்துத் தைக்கிறோம்.

"ஏம்மா!" என்று எழுந்தார். "இருபதுலேருந்து பதினேழே முக்காலுக்கு இறக்கணும். ரெண்டேகால் அங்குலம். பக்கத்துக்கு ஒண்ணும் ஒரு அரைக்காலும். பிடிச்சுடலாம்!"

ஒரு அங்குலத் தடிமனில் ரீப்பர் கட்டை இருந்தது. அந்த அரைக்கால் அங்குலத்துக்கு, காலர் வெட்ட அவர் வைத்திருந்த மெல்லிய பலகை அச்சுகளை எடுத்தார். இருபது வருஷமாகக் கையிலிருந்து விடாத பலகைகள். யோசிக்காமல் நீளநீளமாக அறுத்தார். ரீப்பரோடு சேர்த்து ஒட்டி, உள்பக்கமாக வைத்து முடுக்கினார். அளந்தால் பதினேழே முக்கால். ஒரு நூல் கூடுதலும் இல்லை, ஒரு நூல் குறைவும் இல்லை.

திருகுக்குத் துளை போட வேண்டும். ஒரு அடுக்குக்கு ஒன்றே முக்கால் அங்குலம் என்று கொழுந்தியாள் சொன்னாள். சட்டைக்குப் பட்டன் குறி வைத்து வைத்து ஊறிய கை அது. சுண்ணக்கட்டியால் மேலிருந்து கீழே டக்கென்று குறி போட்டுக்கொண்டே வந்தார். மூன்று சர்வரும் ஏறி உட்கார்ந்தன. சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கிற, எட்டுக் கம்பி செருகும் ஸ்விட்ச் பெட்டி மேல்தட்டில், கரண்ட் போனால் தாங்கும் கனத்த பேட்டரிப் பெட்டி அடித்தட்டில்.

"அத்தான், எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு நேரா உட்காரலை" என்றாள் அவள்.

"இப்ப சொல்லு, சர்வரா சம்பந்தியா?"

"மாப்பிள்ளையே அத்தான், மாப்பிள்ளை!"

பின்பக்கம் கம்பிகளை அவள் கொத்தாகத் தள்ளிவிட்டாள். நூல்கண்டில் பூனை விளையாடினது போல இருந்தது. தையல்காரருக்கு அது பொறுக்குமா? எல்லாவற்றையும் உருவி, நிறம் பிரித்து, நீளத்துக்கு மேல் இருந்ததை மடித்து, பைக்குத் தைக்கிற வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை வெட்டிக் கட்டினார். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனையிலும் துணிச்சீட்டு. எண்ணைப் படிப்பம்மா எழுத எழுத, இவர் மெஷினில் ஒரு தையல் போட்டு மாட்டினார். தையல் கடையில் பஞ்சுத் தூசி பறக்காமல் இருக்குமா? முகப்புக்குக் கொசுவலைத் துணியில் ஒரு திரை தைத்தார். கழற்றித் துவைத்துக் காயவைத்து மறுபடி மாட்டலாம். கொழுந்தியாள் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினாள். "இந்த ஆளை வேலைக்கு எடுங்க" என்று பதில் வந்தது.

ஞாயிறு மதியத்துக்குள் ஆறு டிஸ்க்குகள் நல்லபடியாக ஏறிவிட்டன. மிச்சம் சரித்திரம் ஒன்றுதான். நாற்பத்தொரு பாடம்.

"சூடானா நின்னுடும் அத்தான். கொஞ்சம் கொஞ்சமா எடுப்போம்" என்றாள் கொழுந்தியாள். ஐந்து பாடம் எடுப்பது, ஆறவிடுவது, மறுபடி ஐந்து பாடம். மேசை விசிறியை அதற்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். படிப்பம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து உதட்டை அசைத்து வேண்டிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாவது பாடத்தில் டக் டக் சத்தம் நின்றது. எல்லாமே நின்றது. திரையில் ஓடிக்கொண்டிருந்த பட்டை அசையவில்லை.

தையல்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொழுந்தியாள் டிஸ்க்கைக் கழற்றி வைத்து, "அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க" என்றாள். சொன்னவள்தான் நகத்தைக் கடித்துக்கொண்டு அறையை அளந்தாள். அரை மணிக்கப்புறம் மெதுவாகச் செருகினாள். டக் என்றது. ஒரு மூச்சு. பிறகு பட்டை நகர்ந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. கடைசிப் பாடம் பாதியில் ஒரு தடவை திணறி, பிறகு முழுசாக வந்து சேர்ந்தது. அடுத்த நிமிஷம் அந்த டிஸ்க் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை செருகியும் எழுந்திருக்கவில்லை.

"தன் வேலையை முடிச்சுட்டுத்தான் போயிருக்கு, புண்ணியவான்" என்றார் தையல்காரர். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். இவர் கண்ணைத் துடைக்க வழியில்லாமல், கழுத்தில் தொங்கிய டேப்பால் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் விடுதி ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. தையல்காரர் சத்தத்தைக் கூட்டி மேசை மேல் வைத்தார்.

"அம்மா, கூடத்துல முப்பது பிள்ளைங்க கேட்டுக்கிட்டிருக்காங்க. நீங்களே கேளுங்க!"

போனிலிருந்து குரல் வந்தது. படிப்பம்மாவின் குரல்தான். ஆனால் மூச்சு விடாமல், அணில் கத்துகிற வேகத்தில். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன ஆச்சு? கெட்டுப்போச்சா?" என்று கணவரின் காதில் பதறினார். தையல்காரர் அதையே உரக்கக் கேட்டார்.

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு அண்ணே! எங்க பிள்ளைங்க எப்பவும் ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேப்பாங்க. மெதுவா கேட்டா தூக்கம் வருதாம்!"

படிப்பம்மா இடுப்பில் கை வைத்தார். "பதினாலு வருஷமா புள்ளிக்குப் புள்ளி நின்னு, நிதானமா படிச்சேனே! எல்லாத்தையும் இப்படியா ஓட்டினாங்க?"

தையல்காரர் அதை எடுத்துச் சொன்னதும் போனில் ஒரு பெண்பிள்ளையின் குரல் முந்திக்கொண்டு வந்தது. "எல்லாத்தையும் இல்லைம்மா! பதினேழாம் பாடத்துல போர் நடக்கும்போது நீங்க தும்முவீங்க. தும்மிட்டு, 'மன்னிச்சுக்கோங்க பிள்ளைங்களா'ன்னு சொல்வீங்க. அந்த இடம் வந்தா மட்டும் எல்லாரும் வேகத்தைக் குறைச்சுடுவோம். எங்க கம்ப்யூட்டர் படுத்தப்ப, அந்தத் தும்மலும் போயிடுச்சேன்னுதான் அழுதோம்."

படிப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் இரண்டும் குலுங்கின, கண்ணில் தண்ணீர் ஓடியது. கணவரின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். தையல்காரர் கேட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தெருவே கேட்கும்படி போனில் சொன்னார்.

"பதினேழாம் பாடத்துலேருந்து கேள்வி வந்தா, தும்மாம எழுதணுமாம். அம்மா உத்தரவு!"

அங்கே கூடமே கையைத் தட்டியது. இங்கே படிப்பம்மாவும் டம்ளரை எடுத்து மேசையில் தட்டினார், நிறுத்தாமல்.