ஈஸ்வரியைப் பூட்டிய பௌர்ணமி

மனிதன் மிருகமாக மாறுவதெல்லாம் வேலையற்றவர்கள் கட்டிவிடும் கதை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் டீக்கடையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். போடியிலிருந்து போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு என்னுடையது. அந்த மலைப்பாதையில் எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு பேயும் கைகாட்டி வண்டியில் ஏறியதில்லை. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் மனைவி ஈஸ்வரி அதே தோட்டத்தில் காய் எடுக்கிறவள். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் தனியாக இறங்கி வந்தோம், ஒரு கொண்டை ஊசி வளைவில் டயர் பஞ்சர். சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுக்க அவள் குனிந்தபோது, மஞ்சு மூட்டத்துக்குள்ளிருந்து நாய் மாதிரி ஒன்று பாய்ந்து அவள் கையைக் கவ்வியது. செந்நாய் என்றால் கூட்டமாக வரும், இது தனியாக வந்தது, உயரமும் அதிகம். ஜாக்கிக் கம்பியால் அடித்து விரட்டினேன். என் மணிக்கட்டிலும் பல் லேசாகக் கீறியது, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டோம்.

வினை அப்புறம்தான். அந்த மாதிரி ஒன்றிடம் கடிபட்டவர்கள் பௌர்ணமி நிலா ஏறும்போது அதுவாகவே மாறிவிடுவார்கள் என்று ஜீப்பில் வரும் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தியும் ஈஸ்வரி பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோரையும் பாதி மலையில் இறக்கிவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஈஸ்வரியே அதை நம்பிவிட்டாள். சின்னப் பிள்ளை, எங்கள் மகள், அவளைப் பக்கத்தில் படுக்கவைக்கக்கூட மறுத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பௌர்ணமியன்னைக்கு என்னைய ஸ்டோர்ல போட்டுப் பூட்டிருங்க மாமா," என்றாள். "ஒண்ணும் ஆகலேன்னா காலையில பிள்ளையத் தூக்குவேன். ஆயிருச்சுன்னா கதவத் தெறக்காதீக."

ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். சரக்கு எடுத்துவிட்டதால் காலியாக, அடுப்பு மூட்டாமல் கிடந்தது. கங்காணியிடம் ஏதோ சாக்குச் சொல்லிச் சாவி வாங்கினேன். பிள்ளையை என் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஈஸ்வரியை உள்ளே விட்டுப் பூட்டி, வாசலில் உட்கார்ந்தேன். பெண்டாட்டியைப் பூட்டி வைத்துக் காவல் இருக்கிறேனே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கீழே போடியில் விளக்குப் போட்டார்கள். அதற்கும் அப்பால் தேனிப் பக்கம் நிலா எழும்பியது. காலிக் கட்டடத்தில் ஒட்டியிருந்த ஏலக்காய் வாசம் திடீரென்று மூக்கைக் கிழிக்கிற மாதிரி ஏறியது. அப்போதுதான் ஊளை கேட்டது, மிகப் பக்கத்தில். உள்ளேயிருந்துதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஐயோ, அவளை இழந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஊளை நின்ற இடைவெளியில் அவள் குரல் கேட்டது, பாடினாள். மஞ்சு இறங்கினால் அடுத்த செடியில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அதனால் காய் எடுக்கிற பெண்கள் ஒருத்தி ஓர் அடி பாட, மற்றவள் மறு அடி பாடி ஆள் இருப்பதைத் தெரிவித்துக்கொள்வார்கள்.

"மஞ்சு எறங்குது மலையோரம், மாமன் எங்க இருக்கீக?"

நான் அழுதுகொண்டே பதில் பாடினேன். "ஏலச் செடிக்கு ஓரமாத்தான் இங்கதானே இருக்கேன்." அவள் திரும்பத் திரும்பப் பாடினாள், நான் ஒன்றுக்கும் பதில் பாடாமல் விடவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விடிந்து கதவைத் திறந்தால், ஈஸ்வரி முழுசாக நிற்கிறாள். எனக்கு உயிர் வந்தது. அவள்தான் என்னைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள்.

"எங்க போனீக? கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டையே போச்சு. வெளிய நின்னு ஒண்ணு ஊளையிட்டுக் கதவப் பறண்டுச்சு. நான் பாடுனா அடங்குச்சு, நிறுத்துனா திரும்ப ஊளையிட்டுச்சு."

கதவைப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு கோடு இல்லை. வெளிப்பக்கம் என் நெஞ்சுயரத்துக்கு மரம் பிய்ந்திருந்தது. என் விரல் நகமெல்லாம் உடைந்து, சதையில் சிராய் ஏறியிருந்தது. ஈஸ்வரி என் கையைப் பிடித்து, சிராயை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

இப்போது ஜீப்பில் பெண்கள் அவளை ஒட்டித்தான் உட்காருகிறார்கள். பிள்ளை அவள் பக்கத்தில்தான் படுக்கிறாள். மாதா மாதம் கங்காணியிடம் புதுசாக ஒரு சாக்குச் சொல்லி அவளே சாவி வாங்கி வருகிறாள். நான் உள்ளே, அவள் வெளியே. நான் இன்னும் எதையும் நம்பவில்லை, சும்மா அவள் திருப்திக்குத்தான் போகிறேன். அவள் பாடுவது நன்றாகக் கேட்கிறது, நானும் ஒவ்வோர் அடிக்கும் வார்த்தை பிசகாமல் பதில் பாடுகிறேன். காலையில் அவள் கதவைத் திறக்கும்போது கண் வீங்கியிருக்கும். நான் பாடியது உன் காதில் எப்படி விழுந்தது என்று மட்டும் அவளிடம் இதுவரை கேட்கவில்லை.