ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எடுத்த பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிப் பூங்காவின் நடைபாதையில் திருப்பத்துக்கு ஓர் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் நகரியத்தின் ஒரு பாட்டுக்குழு பாடும், நடந்துகொண்டே கேட்கலாம். ஒலிப்பதிவு என் பொறுப்பு. மாதர் பஜனைக் குழு, தேவாலயக் குழு, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் முடிந்து, சுரங்கத் தொழிலாளர்களின் சேர்ந்திசைக் குழு மட்டும் பாக்கி இருந்தது.

அவர்கள் முழுதாகச் சேர்ந்து பாடியதே இல்லை. மூன்று ஷிஃப்ட்டிலும் ஆட்கள் இருந்ததால், எப்போது ஒத்திகை வைத்தாலும் ஒரு பங்கு சுரங்கத்தில் இருக்கும். ஷிஃப்ட் வாரியாகப் பதிந்து ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு சுருதியில் நின்றது. பூங்கா அதிகாரி, "விடுங்க, அந்த இடத்துல இன்னொரு ஸ்கூல் பாட்டப் போட்டுடலாம்" என்றார்.

குழுவை நடத்தியவர், நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டும் இயந்திரத்தின் ஆபரேட்டர். அவருக்கு அது பொறுக்கவில்லை. "எங்க ஆளுங்க இல்லாம என்னா சார் நெய்வேலி பாட்டு?" என்றார்.

பகல் இரண்டு மணி ஷிஃப்ட் மாற்றத்தில் எடுக்கலாம் என்றேன். இரவு வேலை பார்த்தவர்கள் தூக்கத்தை விட்டு வந்துவிடுவார்கள். ஆனால் அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்காமல் இயந்திரத்தை விட்டு யாரும் இறங்க முடியாது. அதற்கும் ஆபரேட்டரே வழி செய்தார். அடுத்த ஷிஃப்ட்டில் பாட்டுக்குழுவில் இல்லாதவர்கள் முந்தின பஸ்ஸிலேயே வந்து பொறுப்பேற்று, பாடுகிறவர்களை முன்னதாக மேலே அனுப்பினார்கள்.

சுரங்க வாசலில் சலவைச் சட்டைகளும் கரி படிந்த சட்டைகளும் தோளோடு தோள் நின்றன. இரண்டு மணி ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்குள் முடிக்க வேண்டும். நின்ற பஸ்களின் இரைச்சல் மைக்கை நிறைத்தது. இஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

ஒரு டிரைவர் மட்டும் நிறுத்தாமல் தலையை வெளியே நீட்டினார். "நிறுத்திட்டா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுங்க. யாரு தள்றது, இந்தப் பாகவதருங்களா?"

"தள்றோம், நீ நிறுத்துயா!" என்று குழுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாடிக்கினே தள்ளணும், ஆமா."

நிறுத்தினார். ஆபரேட்டர் கையை உயர்த்தினார். ஒரே முறைதான் பாடினார்கள். ஹெட்ஃபோனில் அத்தனை குரலும் ஒரே சுருதியில் எழுந்தன. கடைசி அடி ஓய்ந்து, நான் டேப்பை நிறுத்திய பிறகே சங்கு ஊதியது. அந்த பஸ் கிளம்பவில்லை. சொன்னபடி தள்ளினார்கள்.

திறப்பு விழாவன்று ஆபரேட்டருக்குக் காலை ஷிஃப்ட். முடிந்ததும் குளிக்காமலே பூங்காவுக்கு வந்து, தங்கள் பாட்டு ஒலித்த திருப்பத்தில் என் பக்கத்தில் நின்றார். மனைவியோடு நடந்து வந்த ஒருவர் பாட்டைக் கேட்டு நின்று, "எந்த ஊர்க் குழுங்க இது? ரேடியோவுல பாடறவங்களா?" என்று விசாரித்தார்.

ஆபரேட்டர் என்னைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்கதாங்க" என்றார். "எல்லாருமே இருக்கோம்."