கம்பி கட்டிய தாடையோடு மலையேறினோம்

மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, மலைப்பாதையின் தடுப்புச்சுவரில் முகம் மோதியதில் என் மகளின் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. சேலத்து மருத்துவர் அவள் ஈறு வழியாக எலும்பிலேயே நான்கு சிறு ஸ்குருக்களை முடுக்கினார். மேலே இரண்டு, கீழே இரண்டு. அவற்றைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பியால் இழுத்துக் கட்டி வாயை மூடிவிட்டார். எலும்பு கூடும்வரை, நான்கு வாரம், திறக்கக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது என் கையில் கம்பி வெட்டும் சிறு கட்டர் ஒன்றைக் கொடுத்தார்.

"வாந்தி வந்தா முன்னாடி குனிய வைங்க, பல்லிடுக்குல வடிஞ்சிடும். மூச்சு முட்டினா மட்டும் ரெண்டு கம்பியையும் வெட்டுங்க. பயத்துல வெட்டிட்டீங்கன்னா எலும்பு நகர்ந்துடும். மறுபடி மயக்க மருந்து கொடுத்துக் கட்டணும்."

எங்கள் ஊர் மலைமேல், திருப்புலி நாட்டில். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்காமல் அவள் ஏறியதே இல்லை. நர்ஸிடம் கொஞ்சம் கம்பி கேட்டு வாங்கி, காலையெல்லாம் வெட்டிப் பழகினேன். "போதுங்க அக்கா, பெருக்குறவங்க என்னையத் திட்டுவாங்க" என்றாள் நர்ஸ்.

மலையேறுமுன் யாரும் வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வாரமாக வெறும் நீராகாரத்தில் அவள் முகம் வற்றியிருந்தது. மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் நின்றபோது, வடிகட்டிக் கொண்டுவந்த சாமைக் கஞ்சியை ஒரு டம்ளர் முழுக்க ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தோரம் ஊட்டிவிட்டேன். அது என் தப்பு.

முன் சீட்டு கிடைத்தது. பக்கத்து சீட்டு அம்மாள் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"மோந்துக்க கண்ணு. வாயத் தொறக்காத, காத்து உள்ள போனா பெரட்டும்."

"தொறக்க முடியாதுங்க" என்றாள் மகள், பல்லிடுக்கில். கண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

பாதி மலையில் அவள் முகம் வெளுத்தது. என் தோளைப் பற்றினாள். "நிறுத்துங்கண்ணா" என்று டிரைவரிடம் கத்திவிட்டு, ஒரு விரலால் அவள் உதட்டை ஒதுக்கி, கட்டரின் வாயை முதல் கம்பியில் வைத்தேன். அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். மூக்கிலும் பல்லிடுக்கிலும் கஞ்சி வழிந்தது. வழியட்டும் என்று விட்டேன். கம்பியில் கட்டர், மூக்கருகில் என் காது.

"மூச்சு வருதா சாமி?"

கரகரவென்று வந்தது. ஆனால் வந்தது. அடுத்த மூச்சும் வந்தது. தலையாட்டினாள். கட்டரை எடுத்தேன்.

எடுத்த பிறகும் அதை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும்: வெட்ட வேண்டியிருந்தால் வெட்டியிருப்பேன்.

"போலாமுங்களா அக்கா?" என்றார் டிரைவர்.

நான் பதில் சொல்லுமுன் மகள் கையசைத்தாள். பிறகு என் விரல்களைப் பிரித்து கட்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம்மா, வாந்தி வந்தா நீ பையப் புடி. இது எங்கிட்ட இருக்கட்டும்."

மீதி வளைவுகளை அப்படித்தான் ஏறினோம்.