ஏழாம் நம்பர் பாட்டிலைப் பார்க்க மயிலாப்பூர் போனேன்

இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியது என் மகள் ஸ்டெல்லா. போன இடத்துக்கெல்லாம் பஸ், நேரம், செலவு எல்லாம் போடுவாள். நாலு மாசம் முன்பு காய்ச்சலில் போய்விட்டாள். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன், மீன் விற்கிறேன். ராக்கெட் புகையைப் பற்றி அவள் செய்த வேலையை, அவள் படித்த கல்லூரிக்காரர்கள் மயிலாப்பூரில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை போனேன். போக நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஊரூர் குப்பத்திலிருந்து பெசன்ட் நகர் பஸ் நிலையம் கால் மணி நடை. 9.40க்கு 29சி. சாதா பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 10.15க்கு மயிலாப்பூர் லஸ். அங்கிருந்து கண்காட்சி மண்டபம் அஞ்சு நிமிஷ நடை. ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். "இன்னா நைனா, வஞ்சிரமா விக்கிறே?" என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

ராக்கெட் போனால் எங்கள் கரையிலிருந்தே வடக்கே வெள்ளைக்கோடு தெரியும். எல்லோரும் கை தட்டுவோம். ஸ்டெல்லாவும் தட்டுவாள். அப்புறம், "அந்தப் பொக எங்கம்மா போவுது?" என்பாள். அதில் அமிலமும் அலுமினியத் தூளும் இருக்குமாம். கொஞ்சம் மழையோடு இறங்கும், மேலே போனது ஓசோனை அரிக்கும் என்பாள். ஏவுதளத்துப் பக்கம் இருக்கிற என் அக்கா வீட்டில் ஆறு பாட்டில் மழைத்தண்ணீர் பிடித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் குப்பத்து மழை ஏழாவது. அதை என்னைப் பிடிக்கச் சொன்னாள்.

நான் மீன் அன்னக்கூடையில் பிடித்தேன். அதை நாங்கள் கடல் தண்ணீரில்தான் அலசுவோம். குழாய்த் தண்ணீரை அதற்கு யார் செலவழிப்பார்கள்? ராக்கெட் அமிலம் தண்ணீரில் குளோரைடாகத் தெரியுமாம். கடைசியில் ஏழாம் பாட்டிலில்தான் குளோரைடு அதிகம். ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கூடையை மோந்து பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாளே!

மண்டபத்தில் ஏழு பாட்டிலும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு பெரியவர் தன் மனைவியிடம் சொன்னார்: "கடலோர மழைல உப்பு இருக்கறது அதிசயமா? ராக்கெட் மேல பழி போட்டுண்டு!"

எனக்குச் சுருக்கென்றது. பெண்தான் போய்விட்டாள், அவள் வேலையும் பொய்யென்று போகவிடுவேனா?

"இன்னா சார் இப்டி சொல்லிட்டே? கடல் உப்புன்னா குளோரைடோட சோடியமும் கூடவே வரும். சோடியத்துக்குண்டான பங்கக் கழிச்சிட்டு மிச்சம் குளோரைடு நிக்கிதே, அதான் பொக. இந்த ஏழாம் நம்பரு நான் கெடுத்தது, வெறும் கடல் உப்பு. கழிச்சா ஒண்ணும் மிஞ்சல. அதுலதான் அவ கணக்கு சரின்னு தெரிஞ்சிது."

"நீங்க யாரும்மா?"

"இதச் செஞ்ச பொண்ணோட அம்மா. ராக்கெட்டும் நம்முது, மழையும் நம்முது சார்."

"கேட்டேளா?" என்று அவர் மனைவி சிரித்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கே எழுதி வைத்திருந்ததை முதலிலிருந்து படித்தார்.

ஞாயிறு வரை, பத்து முதல் ஐந்து மணி வரை. கட்டணம் இல்லை. பாட்டிலைத் தொடாதீர்கள். ஏழாவதில் அவள் கையெழுத்தில் 'அம்மா பிடித்தது' என்று ஒட்டியிருக்கும். அதுவரை மீனை விற்றுவிட்டு தினமும் பதினோரு மணிக்கு அதன் பக்கத்தில் வந்து நிற்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். எனக்குச் சொல்லத் தெரியும்.