முடிச்சூரில் யார் வீட்டுக்கும் தண்ணீர் வரவில்லை

நாற்பத்தேழு வயதில் சமூகவியல் படிக்கப் போனேன். அதற்கு முன் இரண்டு படிப்புகளைப் பாதியில் விட்டவன் நான். ஒன்று சட்டம், ஒன்று பிரெஞ்சு. “இதையாவது முடிப்பீங்களா, இல்ல புக்கை இப்பவே பரண்ல ஏத்திடட்டுமா?” என்று கேட்டாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வார இறுதி வகுப்பு. கணக்கெடுப்பு முறைகள் என்று ஒரு தாள், அதற்கு ஒரு களப்பணி. முடிச்சூரில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணி, இருபது வீடுகளில் மழைத் தண்ணீர் பற்றிக் கேட்டு வரவேண்டும். தேறாவிட்டால் அந்த வருடம் போச்சு. வருடம் போனால் நானும் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். புதுச் சிமெண்டு வாசனை, காம்பவுண்டு தாண்டி எட்டிப் பார்க்கும் செம்பருத்தி, எந்தத் தெருவில் திரும்பினாலும் எனக்கு முன்பே போய்ச் சேரும் குரைப்பு. கையில் படிவம். அதில் முதல் கேள்வி: மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதா?

“எங்க வீட்டுக்கா? சேச்சே!” என்றார் முதல் வீட்டுக்காரர், பனியனோடு. “பின் தெருவுல கேளுங்க. அங்க படகே போகும்.”

பின் தெருவுக்குப் போனேன். “இங்க வராது சார். முன் தெருதான் பள்ளம்” என்றார் ஓர் அம்மா. அவர் பின்னால் சுவரில், முழங்கால் உயரத்தில், பெயின்ட் அடித்தும் போகாத பழுப்புக் கோடு ஓடியது. இருவரும் அதைப் பார்க்காமலே பேசி முடித்தோம்.

இருபது வீடு. இருபது ‘இல்லை’.

எங்கள் ஆசிரியை என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். படிவங்களைப் புரட்டினார். “ரொம்ப நல்ல ஏரியாவா இருக்கே சார். நானே ஒரு பிளாட் வாங்கலாம் போல.” வகுப்பு சிரித்தது.

“பொய் சொல்றாங்க மேடம்.”

“மாடியை வாடகைக்கு விடணும்னா நீங்க என்ன சொல்லுவீங்க?”

படிவங்களை என் பக்கமே தள்ளினார்.

“அவங்களை விடுங்க, கேள்வியை மாத்துங்க. ரெண்டு வாரம் டைம்.”

அந்தக் கேள்வி என்னோடு கேம்ப் ரோடு நெரிசலில் நின்றது, அலுவலக லிஃப்டில் ஏறி இறங்கியது. ஒரு வியாழக்கிழமை மழை எச்சரிக்கை. வீடு திரும்பும்போது பார்க்கிறேன், மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள், வரிசையாக, ஆளில்லாமல். வானம் இன்னும் ஒரு துளிகூடப் போடவில்லை. அதற்குள் மேடு பார்த்து ஒதுங்கிவிட்டன. வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன்.

“இன்னா சார், நடுப்பாலத்துல நின்னுகினு வேடிக்கை? ஓரமா போ!” என்று ஓர் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மழை விட்ட சனிக்கிழமை அதே வீடுகள். கேள்வி மட்டும் வேறு: மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?

“பாலத்து மேலதான்” என்றார் பனியன்காரர், பெருமையாக. “காலையிலயே போயிடணும் சார். லேட்டானா இடம் கிடைக்காது.”

“எத்தனை நாள் அங்கயே இருக்கும்?”

“வடியற வரைக்கும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். “யோவ் சார், மாட்டிவிட்டீங்களே!” என்று குலுங்கிச் சிரித்தார்.

பின் தெரு அம்மா அவ்வளவு லேசில் சிரிக்கவில்லை. “ஸ்கூட்டி பாலத்துக்குப் போயிடும். ஃபிரிட்ஜ் மாடிக்கு” என்றவர், சட்டென்று நிறுத்தினார். “இதுல எங்க பேர் வருமா? மாடிக்குக் குடிவர ஆளுங்க பாக்க வராங்க.”

படிவத்தை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன். பெயருக்கு அதில் இடமே இல்லை, பதினொன்று என்ற எண் மட்டும். கண்ணாடியை எடுத்து வந்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“அப்ப எழுதிக்கோங்க. ரெண்டு தடவை. முட்டி வரைக்கும்.”

மாடிக்குக் குடிவரப் போகிறவர்களை நினைத்துக் கொஞ்சம் உறுத்தியது. எழுதினேன்.

இன்னும் ஒன்பது வீடு பாக்கி. வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது, திரும்பிவிடலாம் என்ற பழைய அரிப்பு வரவில்லை. ஒன்று, இரண்டு என்று கேட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஐந்தாவது கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று எழுதியிருந்தது. மணியை அடித்தேன்.