மரம் அனுப்பிய மெசேஜ்

போன வாரம் பக்கத்து வீட்டு வசந்தி அக்கா தன் போனை என் முன்னால் நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு வேப்பமரத்தின் போட்டோ. கீழே இரண்டு வரி…

'அம்மா, புதுசா துளிர் விட்டிருக்கேன். தாகமா இருக்கும்மா. – சுரேஷ்.'

சுரேஷ் அக்காவின் ஒரே மகன். பைக் விபத்தில் இறந்து வருஷம் திரும்பிவிட்டது.

விஷயம் இதுதான். இறந்தவர் பெயரில் கிரிவலப் பாதையில் மரம் வளர்க்கிறோம் என்று ஓர் அறக்கட்டளை நன்கொடை வாங்குகிறது. மாதாமாதம் போட்டோ வரும். கூடவே, இறந்தவரே பேசுவதுபோல் ஒரு மெசேஜ். தாகம் என்று வந்தால் தண்ணீர்ச் செலவுக்குப் பணம் போட வேண்டும். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ! செத்துப்போன பிள்ளை தண்ணீர் கேட்டால் எந்த அம்மா ரசீது கேட்பாள்?

"நேர்ல ஒருவாட்டி பாக்கணும். நீயும் வாயேன்" என்றார் அக்கா.

மறுநாள் காலை ஆட்டோவில் போனோம். நல்ல தூறல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. ஆள் நடமாட்டமும் இல்லை.

போட்டோவில் பார்த்த அதே மரம். அதே கவட்டை, அதே பச்சைக் கம்பிவேலி. பலகையில் மட்டும் வேறு பெயர் – கலாவதி.

மரத்தடியில் ஒரு பெரியவர், அந்தத் தூறலிலும், குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மழ பெய்யுதேங்க…" என்றேன்.

"என் சம்சாரம்ங்க. தாகமா இருக்குன்னு மெசேஜ் போட்டிருந்தா. பணம் அனுப்பிட்டேன்… ஆனா மனசு கேக்கல."

போனைக் காட்டினார். அதே போட்டோ. 'அம்மா' இருந்த இடத்தில் 'ஏங்க', சுரேஷ் இருந்த இடத்தில் கலாவதி. மற்றதெல்லாம் அச்சு மாறாமல் அப்படியே!

பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இன்னும் சில பலகைகளை அடுக்கிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். சுரேஷ் கடைசியில் இருந்தான்.

ஆத்திரத்தில் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்தினார். பெரியவரிடம், "நல்லா வளந்திருக்காங்க" என்றார்.

துக்கத்தில் இருப்பவர்கள் பேரம் பேசுவதில்லை. இந்த வியாபாரத்துக்கு அதுதான் முதல்.

திரும்பும்போது ஆட்டோவிலேயே அக்காவின் போனை வாங்கி அந்த நம்பரை பிளாக் செய்தேன். புகாரும் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா சரியென்று தலையாட்டினார். செங்கம் ரோடு வந்ததும் சொன்னார்.

"எல்லாம் பொய்யின்னு புரியுது. ஆனா நெஜமாவே அவனுக்குத் தாகம் எடுத்தா… இனிமே எங்கிட்ட எப்படிச் சொல்லுவான்?"