பழுப்புக் குப்பிகள்

மருந்துக்கடையில் அவருக்கு ‘ரெண்டுதடவை’ என்றுதான் பட்டப்பெயர். சீட்டை ஒருமுறை படித்து மருந்தை எடுப்பார். எடுத்த மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படிப்பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மாத்திரை மாறியதில்லை. அந்தப் பெருமையில் மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது. காரை மெக்கானிக்கிடம் விடவும் மனசு வராது. அவசரக் குடுக்கைகள், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதென்றுகூடப் பார்க்க மாட்டார்கள் என்பார்.

காரை ஓட்டுவது மனைவிதான். வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ். ஸ்டீயரிங் திருப்பினால் முனகுகிறது என்று அவள் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை இவர் கச்சை கட்டிவிட்டார். ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தூக்கினார். ஆயில் திரும்பி வரும் டியூபைக் கழற்றி வாளிக்குள் விட்டார். அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, கறுப்பாக வந்ததெல்லாம் வாளியில் விழுந்தது. இவர் மேலிருந்து புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் தெளிவாக வந்தது. கை கழுவினால் சோப்பே தேவைப்படவில்லை. அதற்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டார், பாவம்.

எந்த ஆயில் வாங்கினாலும் கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்பு டானிக் குப்பிக்கு மாற்றிவிடுவது இவர் வழக்கம். வெளிச்சம் படக் கூடாதாம். மருந்துக்கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கு இப்படித் தோன்றும்? எண்ணெய்ப் பிசுக்கில் காகிதம் ஒட்டாததால் பெயரை மூடிமேல் ஒட்டியிருந்தார். ஒரு வாரம் கழித்து, ஸ்டீயரிங்குக்கு ஊற்றிய காலிக் குப்பியை அலசியபோது, வெறும் தண்ணீரிலேயே சுத்தமாகிவிட்டது. ஸ்டீயரிங் ஆயில் அப்படிப் போகாது. பிரேக் ஆயில்தான் தண்ணீரோடு கலக்கும். ‘பிரேக்’ என்று எழுதிய குப்பியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். அது கலக்காமல் மேலே மிதந்தது. எப்போதோ குப்பிகளின் வாயைத் துடைக்க இரண்டையும் ஒன்றாகத் திறந்தபோது மூடிகள் மாறியிருக்கின்றன. அன்று அவர் இரண்டு தடவை படித்தது மூடியைத்தான்.

மறுநாள் அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சரியான ஆயிலை மாற்றினார். ஆனால் உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் பிரேக் ஆயிலில் ஏற்கெனவே ஊறிக் கெட்டிருந்தன. ஆயில் கசிந்தது, ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. அவளோ காரைச் சந்தேகிக்கவில்லை. புருஷன் கைபட்ட கார் அல்லவா! தன் கையில்தான் வலு போய்விட்டது என்று நினைத்தாள். தோள்பட்டை வீங்கியது. டாக்டர் வயசைச் சொன்னார். இவர் கடையிலிருந்து தைலம் கொண்டுவந்து தினமும் சாயங்காலம் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வரும். ‘ரெண்டுதடவை’ என்கிற பெயர் குறுக்கே வந்து நிற்கும். இப்படியே மூன்று வாரம் ஓடியது. அவருக்குத் தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது.

அன்று காலை அவள் சாப்பாட்டு மேஜையில் ஒரு கடிதத்தை வைத்தாள். கை ஒத்துழைக்காததால் வேலையை விடுவதாக எழுதியிருந்தது.

“தப்பு இருக்கான்னு பாருங்க. நீங்கதான் ரெண்டு தடவை படிப்பீங்களே.”

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு, பென்சிலைக் கையில் வைத்தபடியே, குப்பி மாறியதை முழுசாகச் சொன்னார்.

அவள் வலது கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். கண் கலங்கியது.

“அப்ப என் கைக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்ல. என் தப்புதான்.”

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“மூணு வாரமா.”

“தைலம் தேய்ச்சு விட்டப்பவும் தெரியுமா?”

பொய் சொல்ல ஒரு நொடி இடம் இருந்தது. “தெரியும்” என்றார்.

அவள் கடிதத்தை நான்காகக் கிழித்துத் தட்டில் போட்டாள். ஊசிப் பையை எடுத்து, வலிக்கிற தோளிலேயே மாட்டிக்கொண்டு, கார்ச் சாவியை மேஜையில் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

சாயங்காலம் அவர் தைலக் குப்பியோடு காத்திருந்தார். அவள் அதை வாங்கி, எட்டாத தோளில் தானே தேய்த்துக்கொண்டாள்.